பொருளியலில் முனைவர் பட்டம்: வட சென்னை மாணவர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ பொருளியல் படித்து, பிறகு முதுகலையும் முடித்து, அடுத்து முனைவர் பட்டத்துக்கு எங்கே சேரலாம் என்று கேட்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுள் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்கள். முதுகலைக்குக் கல்லூரி தேடிய அதே முறையில் இதற்கும் தேடுகிறார்கள்: பெயர் பெற்ற நிறுவனம் எது, கட்டணம் எவ்வளவு, இடம் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளோடு நிறுத்திவிடுகிறார்கள். முதுகலையில் அது போதும். பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் அங்கே பொதுவானவை. ஓர் ஆசிரியர் சரியாக நடத்தாவிட்டாலும் நூலகத்தில் அமர்ந்து படித்துத் தேறிவிடலாம். முனைவர் பட்டமோ ஆய்வுக்கு வழிகாட்டும் ஒரு நெறியாளரின் கீழ், ஒரு துறையின் பழக்கவழக்கங்களுக்குள், ஐந்தாறு ஆண்டுகள் செய்யும் வேலை. அந்த நெறியாளரும் அந்தத் துறையும் இதுவரை எத்தகைய ஆய்வாளர்களை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதே தேர்வுக்கான முதல் அளவுகோல். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

எதற்காக இந்தப் பட்டம்

கல்லூரி ஆசிரியர் வேலை ஒன்றே நோக்கம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் செய்த திருத்தத்தின்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு தேசிய அளவிலான நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. போட்டியில் அது கூடுதல் வலு சேர்க்கும் என்பது உண்மை. ஆனாலும் தகுதிக்காக மட்டும் அவசரமாக ஏதோ ஒரு துறையில் பதிவு செய்துகொள்வதைவிட, முதலில் நெட் தேர்வில் தேறிவிட்டு, பிறகு நிதானமாக இடம் தேடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வு நிறுவனத்திலோ கொள்கை வகுக்கும் அமைப்பிலோ பணிபுரிய விரும்புவோர் தரவுகளைக் கையாளக் கற்றுத்தரும் துறையைத் தேட வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியராக வேண்டும் என்போருக்குப் பாதை முற்றிலும் வேறு. அதைப் பின்னால் தனியே விளக்குகிறேன்.

தரவரிசைப் பட்டியலில் தொடங்க வேண்டாம்

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் பல்கலைக்கழகம், கல்லூரி, பொறியியல், மேலாண்மை, மருத்துவம், சட்டம் என்று பிரிவுகள் உண்டு. பொருளியலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் அதில் முன்வரிசையில் இருப்பது அதன் வேதியியல் துறையின் உழைப்பாலும் இருக்கலாம். பொருளியல் துறையைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. பொருளியலுக்கே உரிய ஓர் அளவை வேண்டுமென்றால், 1997இல் தொடங்கப்பட்ட ரீபெக் (RePEc) என்னும் பன்னாட்டுத் தரவுத்தளத்தைப் பார்க்கலாம். அதில் பதிவு செய்துகொண்ட பொருளியலாளர்களின் கட்டுரைப் பட்டியலும், அவற்றை மேற்கோள் காட்டியவர்களின் விவரமும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலும் நிறுவனத்தின் வரிசை எண்ணைவிட, உங்கள் நெறியாளராக வரக்கூடியவர் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பார்ப்பதே பயன் தரும்.

ஆய்வேடுகளைத் திறந்து படியுங்கள்

இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் சேமிக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர், துறையின் பெயர், நெறியாளரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். நீங்கள் சேர நினைக்கும் துறையிலிருந்து கடந்த பத்தாண்டுகளில் வந்த ஆய்வேடுகளுள் மூன்றையோ நான்கையோ தேர்ந்தெடுத்து, முன்னுரையிலிருந்து முடிவுரை வரை பொறுமையாகப் படியுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. பின்னால் வீணாகக்கூடிய ஆண்டுகளை அந்த ஒரு வாரம் காப்பாற்றும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆய்வாளர் விடை தேடும் கேள்வி ஒன்றை முதல் சில பக்கங்களிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறாரா, அல்லது ஒரு மாவட்டத்தையும் ஒரு தொழிலையும் சேர்த்துத் தலைப்பாக்கிவிட்டு, கேள்வி எதுவும் இல்லாமலேயே முன்னூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கிச் சதவீத அட்டவணைகளை அடுக்குகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஆய்வேடு ஒரு துறையில் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. வருவதெல்லாமே அப்படித்தான் என்றால், அங்கே சேரும் நீங்களும் அதையே செய்யப் பழக்கப்படுவீர்கள். ஆய்வு முறையை விளக்கும் இயலில், ஏன் அந்த முறை, அதன் குறை என்ன என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும், ஒரு முடிவுக்கு எதிராக வரக்கூடிய விளக்கங்களை ஆய்வாளர் எதிர்கொண்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சேர்ந்த ஆண்டும் சமர்ப்பித்த ஆண்டும் கிடைத்தால், முடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதைக் கணக்கிடுங்கள். பிறகு அந்த ஆய்வாளரின் பெயரை இணையத்தில் தேடுங்கள். ஆய்வேட்டின் ஓர் இயலாவது நல்ல ஆய்விதழில் கட்டுரையாக வந்ததா, அவர் இப்போது என்ன பணியில் இருக்கிறார் என்பவை தெரிந்துவிட்டால், அந்தத் துறையின் விளம்பரக் கையேடு சொல்லாத பலவற்றை நீங்கள் தெரிந்துகொண்டவராவீர்கள்.

நெறியாளர்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. ஆகவே நீங்கள் விரும்பும் ஆசிரியரிடம் காலியிடம் இருக்கிறதா, அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்பதில் தவறே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் புகழின் உச்சியில் இருப்பவரைவிட, நாற்பதுகளில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இணைப் பேராசிரியர் பல நேரங்களில் சிறந்த நெறியாளராக அமைகிறார். அவருக்கும் ஆய்வில் பசி இருக்கிறது. உங்கள் இயல்களைப் படிக்க நேரமும் இருக்கிறது.

சேர்வதற்கு முன் அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்களிடம் ஆய்வு செய்ய விரும்புகிறேன்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதிலிருந்து உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன, அதை எந்தத் தரவைக் கொண்டு ஆராயலாம் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். வரும் பதிலின் தன்மையே பாதி விடையைத் தந்துவிடும்.

மீதிப் பாதியை அவரிடம் இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் மாணவர்கள்தான் தர முடியும். துறைக்கு நேரில் சென்று, தேநீர் நேரத்தில் அவர்களோடு பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை நெறியாளரைச் சந்திக்கிறீர்கள், எழுதிக் கொடுத்த இயல் எவ்வளவு நாளில் திருத்தத்தோடு திரும்பி வருகிறது, இதற்கு முன் யாராவது பாதியில் விட்டுச் சென்றார்களா, சென்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். நெறியாளரின் வீட்டு வேலை, வங்கி வேலை, விடைத்தாள் திருத்தும் வேலை ஆகியவற்றில் மாணவர்களின் நாள் கழிகிறது என்றோ, ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றோ ஒருவர் தயக்கத்தோடு சொன்னால்கூட, அந்த இடத்தை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊரறிந்த பெயராக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மாணவிகள் மூத்த மாணவியரிடம் தனியே பேசி, துறையில் தங்களை நடத்தும் விதம் எப்படி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு பெயரளவில் மட்டும் இருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சென்னைக்குள்ளேயே உள்ள வாய்ப்புகள்

பொருளியல் ஆய்வுக்குச் சென்னை பழைய ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு அவர் தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பிச் செய்வித்த கிராம ஆய்வுகளை, பின்வந்த ஆய்வாளர்கள் பல தலைமுறைகளாக அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று தொடர்ந்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் பொருளியல் துறையும், அதிலிருந்து வேறாகப் பொருளாதார அளவையியல் (எகனாமெட்ரிக்ஸ்) துறையும் உள்ளன. புள்ளியியலில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டாவதைத் தனியே விசாரிக்க வேண்டும். மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு காந்தி நகரில் இருக்கிறது. வேளாண்மை, உழைப்பு, சாதி, வரலாறு ஆகியவற்றைப் பொருளியலோடு சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே ஆய்வு செய்வோர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறுகிறார்கள். கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1993இல் ராஜா செல்லையாவின் முயற்சியால் தொடங்கப்பட்டது; சுற்றுச்சூழல் பொருளியலுக்குப் பெயர் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடப் புலங்கள் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறையிலும் பொருளியலில் முனைவர் பட்டம் உண்டு. கேட் (GATE) தேர்வில் 2021 முதல் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் தாள் ஒன்று சேர்க்கப்பட்டு, அதில் பொருளியலையும் விருப்பப் பாடமாக எழுதலாம் என்பது நம் மாணவர்களுள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. மாநிலக் கல்லூரி, லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றிலும் ஆய்வுத் துறைகள் இயங்குகின்றன.

ஆய்வுப் பொருளையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட சென்னையே பொருளியலாளருக்கு வற்றாத களம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே பங்கு பிரிக்கும் முறை, எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்ததால் மீனவர்கள் இழந்த வருமானம், மணலி ஆலைகளைச் சுற்றியுள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி, 1996இல் மூடப்பட்ட பெரம்பூர் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்னாடிக்) நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறை எங்கே போயிற்று என்ற கேள்வி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வேட்டுக்குத் தகுந்தது. ஆனால் எண்ணூர் இழப்பை மதிப்பிட விரும்புபவர் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு முறைகள் தெரிந்த நெறியாளரிடம் போக வேண்டும். பி அண்டு சி ஆலையைப் பற்றி எழுத விரும்புபவர், அந்த ஆலைத் தொழிலாளர்களிடையே 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கோப்புகளையும் மதிக்கத் தெரிந்த துறைக்குப் போக வேண்டும். களம் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக நெறியாளரையும் அருகிலேயே தேடிவிடக் கூடாது.

போக்குவரத்தை எண்ணித்தான் பலர் தயங்குகிறார்கள். மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் சேப்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் போய்வருவது எளிதாகிவிட்டது. கோட்டூர்புரத்துக்கும் அடையாறுக்கும் கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது. வீட்டில் தங்கிப் படித்தால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் ஐந்து பேர் வாழும் இரண்டு அறை வீட்டில் இரவில் எழுத இடம் கிடைக்குமா என்பதையும் நேர்மையாக யோசிக்க வேண்டும். துறையில் ஆய்வாளருக்கென்று மேசை ஒதுக்குகிறார்களா, நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, விடுதியில் இடம் உண்டா என்று கேளுங்கள். மாலைக் கருத்தரங்கு முடிந்து வீடு திரும்பச் சிரமப்பட்டு அதை விட்டுவிடும் மாணவர் துறையின் உயிரான பகுதியையே இழக்கிறார்.

பிற மாநிலங்கள்

ரிசர்வ் வங்கி 1987இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகியவை கோட்பாட்டிலும் பொருளாதார அளவையியலிலும் கடுமையான பயிற்சி தருபவை. இவற்றுள் தனி நுழைவுத் தேர்வு நடத்தும் இடங்களில் கணிதம் இன்றியமையாதது. வகைநுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் குறைந்தது ஓராண்டு தயாரிப்பு தேவைப்படும். பி.ஏ. பொருளியலில் கணிதம் குறைவாகப் படித்தவர் இதைக் கேட்டு ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உழைத்தால் எட்டக்கூடிய உயரம்தான். அரசியல் பொருளியலிலும் வளர்ச்சிப் பொருளியலிலும் நாட்டம் உள்ளவர்கள் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும், திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் முதல் ஆண்டுப் பாடப்பணி எப்படி நடக்கிறது என்று விசாரியுங்கள். விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணி உண்டு. சில இடங்களில் அது நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், அளவையியல் ஆகியவற்றில் வாராவாரம் வகுப்பும் தேர்வும் வைத்து உண்மையாகவே நடக்கிறது; வேறு சில இடங்களில் நான்கு கட்டுரை எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடுகிறது. இரண்டாவது வகை முதலில் சுகமாகத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் சொந்தத் தரவோடு உட்காரும்போதுதான் என்ன கிடைக்கவில்லை என்பது தெரியும்.

வெளிநாடு

அமெரிக்காவில் பொருளியல் முனைவர் பட்டம் பொதுவாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். முதல் ஆண்டு முழுவதும் பாடங்கள், அதன் முடிவில் தகுதித் தேர்வு, பிறகே ஆய்வு. தகுந்த துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவிக்கு ஊதியமும் தருகின்றன. ஊதியம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு துறை சொன்னால் மறுத்துவிடுவதே சரி. அங்குள்ள துறைகள் தம் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்த வேலைக்குச் சென்றார்கள் என்பதைத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. முதல் இடம் பெற்ற மாணவரின் வேலையைப் பார்த்து மயங்காமல், பட்டியலின் நடுவில் உள்ளவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கும் பெரும்பாலும் அதுவே வாய்க்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. நிதியுதவியோடு வரும் இடத்தை ஏற்கப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் என்பதால், கட்டண விலக்கு கேட்டு எழுத வெட்கப்பட வேண்டாம். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில், முனைவர் பட்ட ஆய்வாளரைப் பணியாளராக நியமித்துச் சம்பளம் தரும் இடங்கள் உண்டு. நம் மாணவர்கள் அவற்றை இன்னும் போதிய அளவு தேடுவதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன.

பணமும் காலமும்

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதிநல்கை, அதாவது ஜே.ஆர்.எஃப், பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000 ரூபாயும், அவற்றோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுகள் தளர்வு. ஜே.ஆர்.எஃப் கிடைக்காமல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்குத் தேர்வு மதிப்பெண் 70 சதவீதமும் நேர்காணல் 30 சதவீதமும் கணக்கில் கொள்ளப்படும். அந்தத் தகுதி ஓராண்டுக்கே செல்லும். பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கான தேசிய ஆய்வு நிதிநல்கைகளும், முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை தரும் ஊக்கத்தொகையும் தனியே உள்ளன. எந்த நிதிநல்கையானாலும் பணம் மாதந்தோறும் தவறாமல் வரும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். அந்தத் துறையில் நிதிநல்கை தாமதமானபோது மாணவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு, சில மாதச் செலவுக்கான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் என்பது இப்போதைய விதி. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்ய விரும்புவோர் பணியளிப்பவரிடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றில் ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப்படும் என்று எழுதியிருப்பது அவசியம்.

இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வந்து, ஒன்றில் பெயரும் மற்றொன்றில் உங்கள் பொருளில் எழுதும் நெறியாளரும் இருந்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அந்த நெறியாளர் திடீரென வேறிடம் சென்றுவிட்டால் துறையில் உங்களை வழிநடத்த இன்னும் ஒருவராவது இருக்கிறாரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன் நெறியாளரின் ஒப்புதலையும் நிதிநல்கை குறித்த விவரத்தையும் எழுத்தில் பெற்று, அதன் நகலை மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வையுங்கள்.